முதல்தடவையா ஹார்டுவேர் வாலட் – 24 வார்த்தையை மாப்பிள்ளைக்கு வீடியோ கால்ல காட்டலாமா?

விளக்குப்பட்டறை (நாச்சியார்கோயில்):

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் குத்துவிளக்குப் பட்டறை. 2021லேர்ந்து கையில மிச்சம் நிக்கிறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பிட்காயின் வாங்கிப் போட்டிருக்கேன். எல்லாம் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சுலயே (காயின் வாங்க விக்கிற கம்பெனி) கிடக்கு. 2024 ஜூலைல வாஸிர்எக்ஸ்ங்கிற இன்னொரு எக்ஸ்சேஞ்சுல ஹேக் நடந்து 23 கோடி டாலர் அளவுக்குப் போச்சுன்னு படிச்சதுலேர்ந்து மனசு ஒப்பல. என் காயின் அங்க இல்லதான். ஆனா அதே மாதிரி இன்னொரு இடத்துலதானே இருக்கு.

தங்கச்சி வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப லெட்ஜர் நானோ எஸ் பிளஸ்ங்கிற ஹார்டுவேர் வாலட் (காயினோட சாவியை நம்ம கையிலயே வச்சிக்கிற பென்டிரைவ் மாதிரி கருவி) ஒண்ணு வாங்கிட்டு வந்து கொடுத்தார். பெட்டியை இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள அவர் ஊருக்குத் திரும்பிட்டார். "வாட்ஸ்அப்ல வீடியோ கால் போடுங்க மச்சான், ஒண்ணொண்ணா சொல்றேன். 24 வார்த்தை வரும், அதைக் காட்டுங்க, நானும் ஒரு காப்பி வச்சிக்கிறேன், தொலைஞ்சா உதவும்"ங்கிறார். தங்கமான மனுஷன், அவர் மேல எனக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் காட்டலாமா?

வார்த்தைகளைப் பேப்பர்ல எழுதி, ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டு பீரோவுல வைக்கலாம்னு இருக்கேன். அது போதுமா? மாத்துறதுக்கு வரி ஏதும் கட்டணுமா?

கொள்ளிடக்கரை (திருமானூர்):

அண்ணே, காட்டாதீங்க. மாப்பிள்ளை நல்லவரா இல்லையாங்கிற பேச்சே இதுல கிடையாது. காயின் அந்தக் குட்டி டிவைஸுக்குள்ள இல்ல, பிளாக்செயின்ங்கிற பொதுக் கணக்குப் புத்தகத்துல இருக்கு. அதை எடுக்கிற உரிமை அந்த 24 வார்த்தைக்குத்தான். டிவைஸ் ஆத்துல விழுந்தாக்கூட வார்த்தை இருந்தா வேற டிவைஸ் வாங்கி எடுத்துடலாம். வார்த்தை இன்னொருத்தர் போன்ல ஸ்கிரீன்ஷாட்டா இருந்தா, அவரே அறியாம அது கிளவுட்ல ஏறும். போன் ரிப்பேருக்குப் போகும், திருடு போகும். எந்தப் பட்டனை அமுக்கணும், எந்த மெனுவுக்குப் போகணும்னு அவர்கிட்ட கேட்டுக்கோங்க. வார்த்தை திரையில வரப்போகுதுன்னதும் போனை வச்சிடுங்க. உங்க போன்லயும் போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்கிறதும் வேண்டாம். அந்தத் தாள் ஜெராக்ஸ் கடை வாசல்படி ஏறவே கூடாது.

பெட்டியைப் பிரிச்சதும் உள்ள இருக்கிற அட்டையைப் பாருங்க. வார்த்தை எழுதுற இடமெல்லாம் காலியா இருக்கணும். ஏற்கெனவே 24 வார்த்தை அச்சடிச்சோ, சுரண்டிப் பார்க்கிற மாதிரியோ வந்திருந்தா அது மோசடி. தூக்கிப் போட்டுடுங்க. பின் நம்பரும் முன்கூட்டியே போட்டு வந்திருக்கக் கூடாது, நீங்கதான் புதுசா போடணும். டிவைஸை இணைக்கிறதுக்கான லெட்ஜர் ஆப்பை கூகுள் விளம்பரத்தைத் தட்டி இறக்காதீங்க. லெட்ஜர் டாட் காம்னு நீங்களே டைப் பண்ணிப் போங்க. 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குள்ளயே ஒரு போலி லெட்ஜர் ஆப் நுழைஞ்சு பல பேரோட பணம் போச்சு, மொத்தம் லட்சக்கணக்கான டாலர். சரியான ஆப்ல டிவைஸை இணைச்சா அது அசல்தானான்னு முதல்ல சோதிச்சுச் சொல்லும். அதுல தேறினாத்தான் மேல போகணும்.

இனி சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. வார்த்தையை எழுதி முடிச்ச கையோட காயினை மாத்திடாதீங்க. பிட்காயின் அக்கவுண்ட் ஒண்ணு சேர்த்து, ரிசீவ் அட்ரஸை, அதாவது காயின் வந்து சேர வேண்டிய விலாசத்தை, திரையில வரவைங்க. அதை போட்டோ எடுத்துக்கலாம், அட்ரஸ் அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதுக்குன்னே இருக்கிறது. இப்ப வேணும்னே பின்னைத் தப்பு தப்பா மூணு தடவை போடுங்க. டிவைஸ் உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சிடும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், பரவாயில்ல, உள்ள ஒத்தக் காசு கிடையாது. அப்புறம் ரீஸ்டோர் கொடுத்து, நீங்க எழுதி வச்சதை மட்டும் பார்த்து 24 வார்த்தையையும் டிவைஸ்லயே ரெண்டு பட்டனால ஏத்துங்க. அரை மணி நேரம் ஆனாலும் ஆகும், பொறுமையா பண்ணுங்க. முன்னாடி வந்த அதே அட்ரஸ் திரும்ப வந்தா உங்க எழுத்து சரி. வரலைன்னா இப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலு வருஷம் கழிச்சு டிவைஸ் கெட்டுப்போனப்ப தெரிய வந்தா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. லெட்ஜர் கம்பெனிகிட்டயும் உங்க வார்த்தை இருக்காது.

அதுக்கப்புறம் சின்னத் தொகை ஒண்ணு அனுப்பிப் பாருங்க. எக்ஸ்சேஞ்சுல நெட்வொர்க் கேட்கும், பிட்காயின்னே இருக்கணும். கட்டணம் குறையுதேன்னு வேறெதையும் தேர்ந்தெடுக்காதீங்க. காப்பி பண்ணின அட்ரஸை கம்ப்யூட்டர்ல இருக்கிற வைரஸ் மாத்தி ஒட்டிடும், அதனால எக்ஸ்சேஞ்சுல தெரியற அட்ரஸையும் டிவைஸ் திரையில தெரியறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா படிங்க. சின்னது வந்து சேர்ந்தப்புறம் பெருசு.

மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. 2020ல லெட்ஜர்ல வாங்கினவங்க சுமார் 2.7 லட்சம் பேரோட பேரும் விலாசமும் போன் நம்பரும் வெளியில கசிஞ்சது. அடுத்த வருஷமே சிலருக்குத் தபால்ல போலி டிவைஸ் வந்தது, "பாதுகாப்புக்காக மாத்திக்கோங்க"ன்னு கடிதத்தோட. வாங்கினது அவர் பேர்ல. அப்படி எது வந்தாலும், யார் கூப்பிட்டாலும், 24 வார்த்தையைக் கம்ப்யூட்டர்லயோ போன்லயோ டைப் பண்ணச் சொன்னா அது திருட்டுதான்.

வேதாரண்யத்து அக்கா:

லேமினேஷனை நம்பாதீங்க தம்பி. 2018 நவம்பர் 16 கஜா புயல் எங்க ஊர்ப் பக்கம்தான் கரையேறிச்சு. ஓடு பறந்து பீரோவுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. பையனோட மார்க் ஷீட்டு லேமினேட் பண்ணினதுதான். ஒரு ஓரத்துல பிரிஞ்சு, உள்ள நீர் புகுந்து, ஜெல் பேனாவால போட்டிருந்த கையெழுத்து நீலமா பரவி வெறும் கறையா நின்னுச்சு. பட்டா பத்திரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. அதுக்கெல்லாம் தாலுக்கா ஆபீஸ், ஸ்கூல்னு அலைஞ்சு நகல் வாங்கினோம். இந்த வார்த்தைக்கு நகல் தர ஆபீஸ் கிடையாதே. உலோகத்துல அடிங்க. நீங்க பட்டறைக்காரங்க, உங்களுக்கு அது கஷ்டமா?

அப்புறம், வீட்டுல தங்கச்சிகிட்ட, அதான் உங்க வீட்டம்மாகிட்ட, இப்படி ஒண்ணு இருக்கு, இன்ன இடத்துல இருக்குன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச சொத்து, அவருக்கு ஒண்ணு ஆயிட்டா யாருக்கும் இல்லாத சொத்து.

தஞ்சாவூர் கணக்கர்:

வரி பத்தி யாரும் சொல்லல. உங்க எக்ஸ்சேஞ்சு கணக்குலேர்ந்து உங்க சொந்த வாலட்டுக்கு மாத்துறது விற்பனை ஆகாது. விக்கிறப்பதான் லாபத்துல 30 சதவீதம், 2022 ஏப்ரல்லேர்ந்து அதுதான் கணக்கு, அதோட 1 சதவீத டிடிஎஸ். ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்க விடமாட்டாங்க. மாத்துறதுக்கு முன்னாடி 2021லேர்ந்து வாங்கின ஸ்டேட்மென்ட் முழுசையும் இறக்கி வச்சிக்கோங்க. என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு டிவைஸுக்குத் தெரியாது, எக்ஸ்சேஞ்சு நாளைக்கு மூடிட்டா கேட்கிறதுக்கும் ஆள் இருக்காது.

விளக்குப்பட்டறை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாப்பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்கல. விளக்கு அடியில பேர் போடற எழுத்து பஞ்ச் செட் எங்ககிட்ட இருக்கு. பித்தளைத் தகட்டுல அடிக்கலாமா? பட்டறையில பேர் வெட்டுற பெரியவர் கை ரொம்பச் சுத்தம், அவரை அடிக்கச் சொல்லவா? அப்புறம், இந்த டிவைஸ் அஞ்சாறு வருஷத்துல செத்துட்டா, அந்த மாடலே அப்ப கடையில இல்லைன்னா என்ன பண்றது?

கொள்ளிடக்கரை:

பெரியவரை வேண்டாம் அண்ணே, நீங்களே அடிங்க. கோணல்மாணலா இருந்தாலும் படிக்க வந்தா போதும். பித்தளையைவிடச் செம்பு நல்லது: பித்தளை 900 டிகிரிக்குக் கொஞ்சம் மேலயே உருகிடும், செம்பு 1085 வரைக்கும் தாங்கும், துருவும் பிடிக்காது. எவர்சில்வர் இன்னும் அதிகமா தாங்கும், ஆனா பஞ்ச் முனை மழுங்கும். நாகப்பட்டினத்து விகாரைக்கு நிலம் விட்ட ஆனைமங்கலம் செப்பேடு ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் எழுத்தெழுத்தா படிக்க வருது. நம்ம சீமையில செம்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

முழு வார்த்தையும் அடிக்க வேண்டாம். எல்லா வார்த்தையும் 2048 வார்த்தை கொண்ட ஒரே பட்டியல்லேர்ந்து வர்றதுதான், அதுல முதல் நாலு எழுத்து எந்த ரெண்டு வார்த்தைக்கும் ஒண்ணா அமையாது. ஆக மொத்தம் அதிகபட்சம் 96 எழுத்து, கூடவே வரிசை எண். வரிசை மாறினா எல்லாம் போச்சு, அதனால எண்ணை விட்டுடாதீங்க. கீழ இரும்புப் பட்டடை வச்சு அடிங்க, மரத்து மேல வச்சா தகடு வளையும். அடிச்சப்புறம் மறுபடி ஒரு தடவை டிவைஸை அழிச்சு, தகட்டைப் பார்த்தே ஏத்திச் சோதிங்க. எழுதின பேப்பரை அதுக்கப்புறம் எரிச்சிடுங்க. ரெண்டு தகடு அடிச்சா ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பேங்க் லாக்கர்ல. டிவைஸையும் தகட்டையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. மெனுவுல பாஸ்பிரேஸ்னு ஒண்ணு இருக்கும், 25வது வார்த்தைன்னும் சொல்வாங்க. அது மறந்தா தகடு இருந்தும் பிரயோஜனமில்ல, அதனால இப்போதைக்கு அதைத் தொடாதீங்க.

மாடல் வரலைன்னா கவலையில்ல. இந்த 24 வார்த்தை முறை பிப் 39ங்கிற பொதுத் தரம், 2013லேர்ந்து இருக்கு. லெட்ஜர் இல்லைன்னா ட்ரெசர், அதுவும் இல்லைன்னா அந்தத் தரத்தை ஏத்துக்கிற வேற டிவைஸ். எதுல ஏத்தினாலும் உங்க காயின் அங்க தெரியும். அக்கவுண்ட் வகை என்னன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதி ஸ்டேட்மென்ட்டோட சேர்த்து வைங்க, அட்ரஸ் பிசி1கியூ (bc1q)னு ஆரம்பிச்சா அது நேட்டிவ் செக்விட்ங்கிற வகை. அது ரகசியம் இல்ல, ஆனா தேடுறப்ப நேரம் மிச்சமாகும்.