உகாண்டா போகும் அம்மாவுக்கு 64 வயசு: மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாமா?

மதுரைக்காரன்:
அக்காவுக்குக் கம்பாலாவில் தலைப்பிரசவம். துணைக்கு அம்மா போகணும். அடுத்த மாசம் 18ஆம் தேதி டிக்கெட். அம்மாவுக்கு சர்க்கரை, பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை ஓடுது. "மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுட்டுப் போறேன்"னு சொல்றாங்க. டிக்கெட் போட்டுக் கொடுத்தவரோ, கிளம்புறதுக்கு முந்தின நாள் ஊசி போட்டால் போதும்ங்கிறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பாலா அக்கா:
தம்பி, உங்க அக்கா மாதிரி நானும் கம்பாலாக்காரிதான். டிக்கெட்காரர் பேச்சை நம்பாதீங்க. உகாண்டாவுக்குள்ள நுழைய ஊசி போட்ட சான்றிதழ் காட்டணும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் அது செல்லும். என் நாத்தனார் இதே மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு, விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுறாங்க. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலக்கினா சில மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். அதனால ஆள் சேர்த்துத்தான் உடைப்பாங்க. எந்தக் கிழமைன்னு கேட்டுட்டு மதுரையிலிருந்து கிளம்புங்க. அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சான்றிதழான மஞ்சள் புத்தகத்தை வாங்கினதும் அங்கேயே நின்னு பேர், பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை நாலையும் பாருங்க. என் புத்தகத்தில் ஒரு எண் மாறியிருந்தது. மறுபடி வரிசையில் நின்னு திருத்தினேன். 2016ல விதி மாறினதிலிருந்து, ஒரு தடவை ஊசி போட்டாலே சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும்.

செவிலியர் ஒருத்தி:
முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க: காமாலை வேற, இது வேற. இது கொசு பரப்புற வைரஸ். கீழாநெல்லி இதைத் தடுக்காது.

சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தா அதுக்காக ஊசியை நிறுத்துறதில்லை. வயசுதான் யோசிக்க வைக்குது. இது உயிருள்ள, வீரியம் குறைச்ச கிருமி. 60 தாண்டினவங்களுக்கு முதல் தடவை போடும்போது அரிதா கடுமையான பக்கவிளைவு வரலாம். முட்டை ஒத்துக்காதா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறாங்களா, ரெண்டையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. வேண்டாம்னு அவர் முடிவு செய்தா விலக்குச் சான்று எழுதித் தரலாம். ஆனா அந்தத் தாள் கொசுக்கடிக்குக் காவல் இல்லை. உகாண்டாவில் அந்த நோய் உண்மையிலேயே இருக்கு. பயணம் அவசியமான்னும் அவரையே கேளுங்க.

கம்பாலா அக்கா:
மலேரியாவை மறந்துடாதீங்க. அதுக்கு மாத்திரை தனி. எதுன்னு டாக்டர் சொல்லணும். ஊர் திரும்பின பிறகும் அவர் சொன்ன நாள் வரைக்கும் விடாம சாப்பிடணும். என் வீட்டுக்காரர் திருச்சி வந்து இறங்கின கையோட மாத்திரையை நிறுத்திட்டார். ரெண்டே வாரத்தில் நடுக்கம். மூணு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. சாதாரண வைரல் காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினாங்க. மூணாம் நாள் ஆளே தெளிவில்லாம பேசினார். வேற டாக்டர்கிட்ட "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கார்"னு சொன்னதும்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ஃபால்சிபாரம்ங்கிற ஆபத்தான மலேரியா. ஐசியூவில் நாலு நாள். அந்த ஒரு வார்த்தையை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும்.

மதுரைக்காரன்:
நன்றிக்கா. நாளைக்கு காலையில் அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவங்க சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வச்சாச்சு.