பம்பிள்பீயா, நார்மலா? பால் பைத்தான் வாங்கும் முன் ஒரு சந்தேகம்

ஹலசூர்வாசி:
பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட ரெண்டு பால் பைத்தான் (ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டி இருக்கு. ஒண்ணு பம்பிள்பீங்கிற நிற வகை. இன்னொண்ணு சாதா நிறம், "66% ஹெட் பைபால்ட்"னு சொல்லி (வெள்ளைத் திட்டு வர்ற பைபால்ட் ஜீனை வெளியே தெரியாம சுமக்கிறதுதான் ஹெட், அதுக்கு 66% வாய்ப்பாம்) விலையை ஏத்துறார். பம்பிள்பீ தலையை லேசா ஆட்டுது. புது இடம், பயம், போகப்போக சரியாயிடும்ங்கிறார். நம்பலாமா? அந்த 66%க்குக் கூடுதலா கொடுக்கலாமா?

சட்டையுரி:
சரியாகாது. பம்பிள்பீ என்பது ஸ்பைடர், பாஸ்டல் என்ற இரண்டு நிற ஜீன்கள் சேர்ந்தது. ஆட்டம் ஸ்பைடர் ஜீனோடு வருவது. 2022-ல் வந்த மைக்ரோ சிடி ஆய்வில், ஸ்பைடர் பாம்புகளின் உள்காது உருக்குலைந்திருப்பது தெரிந்தது. உடம்பின் சமநிலையை உணர்வதே அந்த உறுப்புதான். பயந்தால் ஆட்டம் கூடும், அமைதியானால் குறையும். அதைத்தான் "சரியாயிடுச்சு" என்று விற்கிறார்கள். ஆட்டமே தெரியாத ஸ்பைடரை இணை சேர்த்தாலும் குட்டிக்கு மோசமாக வரலாம்.

குட்டியை உள்ளங்கையில் மெதுவாக மல்லாத்திப் பாருங்கள். நல்ல பாம்பு உடனே புரண்டுவிடும். பாதிப்புள்ளது தடுமாறும், தலையைத் திருகும். இரை கொடுக்கும்போதும் கவனியுங்கள், குறி தவறித் தவறிக் கொத்தும். (சாதா நிறப் பாம்பு திடீரென்று இப்படிச் செய்தால் அது வேறு கதை: தொற்றோ அதிகச் சூடோ இருக்கலாம், உடனே டாக்டர்.)

ஷாம்பெயின் என்ற நிற வகையிலும் ஆட்டம் உண்டு. சூப்பர் சின்னமன், கேரமல் அல்பினோ இரண்டிலும் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் வருகின்றன. பாஸ்டலில் இந்தத் தொல்லை கிடையாது. நிறம் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். ஸ்பைடரை வாங்கினால் இன்னொரு ஈடு குட்டி பொரிக்க நாமே காசு கொடுக்கிறோம்.

முட்டைப்பெட்டி:
66% கணக்கு இதுதான். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்தா சராசரியா நாலுல ஒண்ணு பைபால்ட், ரெண்டு ஹெட், ஒண்ணு சுத்த நார்மல். பைபால்ட்டை எடுத்துட்டா மிச்சம் மூணுல ரெண்டு ஹெட். எந்த ரெண்டுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. வால் பக்கம் அடிவயித்துல தண்டவாளம் மாதிரி ரெண்டு கருங்கோடு காட்டி "இதான் ஹெட்"ம்பாங்க. அந்தக் கோடு சாதா பாம்புலயும் வரும், ஹெட்டுல வராமலும் போகும். நீங்க இணை சேர்க்கப் போறதில்லைன்னா ஒரு ரூபாகூட அதிகம் கொடுக்காதீங்க.

என்னைக் கேட்டா அந்த நார்மல்தான். கரும்பழுப்பு மேல காவித் திட்டு, திட்டுக்குள்ள கரும்புள்ளி; மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில பாம்பை மறைச்சுக் காப்பாத்தின நிறம் அது. எந்த நிறமானாலும் சூடான பக்கம் 31–33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–27. நம்ம ஊர் டிசம்பர் ராத்திரி 15–16க்கு இறங்கும், தெர்மோஸ்டாட் இல்லாம ஹீட் மேட் போடாதீங்க, வயிறு வெந்துடும்.

சட்டையுரி:
ஒன்று விட்டுப்போச்சு. "நார்மல்" என்ற பெயரில் நம் நாட்டு மலைப்பாம்புக் குட்டியைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் தலைமேல் அம்புமுனை போன்ற குறி இருக்கும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, வைத்திருந்தாலே சிறை. பால் பைத்தான் நான்காம் அட்டவணை; மார்ஃப் (நிற வகை) எதுவானாலும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். விற்பவரின் பதிவுச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.