போக்கரில் ஜாக் ஜோடி, எதிரே ஐந்து பேர்: டர்னில் கிங் விழுந்தால் கால் போடலாமா?

எட்டாம் சீட்:
லைவ் கேஷ் டேபிள், நோ லிமிட் ஹோல்டம் (எவ்வளவு வேண்டுமானாலும் பெட் போடலாம்), ஒன்பது பேர். எல்லோரிடமும் சுமார் 100 பிக் பிளைண்ட் (சீட்டு வருமுன் ஒருவர் கட்டாயம் போடும் தொகை, கீழே எல்லாத் தொகையும் இந்த அலகில்). மூன்று பேர் லிம்ப் (ஏற்றாமல் ஒரு பிளைண்ட் மட்டும் போட்டு உள்ளே வருவது). பட்டனுக்கு முந்தைய சீட்டான கட்டாஃபில் எனக்கு ஜாக் ஜோடி, ஒன்று ஹார்ட், ஒன்று டைமண்ட். 5 பிளைண்டுக்கு ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது). பட்டன் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடுபவர்), பிக் பிளைண்ட், லிம்ப் செய்த மூவர் என ஐந்து பேரும் கால் (அதே தொகையைப் போட்டார்கள்). நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட் 30.5.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஸ்பேட் 9, ஸ்பேட் 7, டைமண்ட் 4. முன்னால் நாலு பேரும் செக் (பணம் போடாமல் விடுவது). 15 பெட். பட்டனும் ஒரு லிம்பரும் கால். பாட் 75.5, கையில் 80.

டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு): கிளப் கிங். லிம்பர் செக், நானும் செக், பட்டன் 40 போடுகிறார், லிம்பர் ஃபோல்ட் (கையை விட்டுவிடுகிறார்). கால் போடலாமா? எந்த இடத்தில் தவறு? இதே இடத்தில் 8 அல்லது 9 ஜோடி இருந்தால் ஆட்டம் எவ்வளவு மாறும்?

கணக்குப்பிள்ளை:
டர்னுக்கு முன்னால் ப்ரீஃப்ளாப்பை (பொதுச் சீட்டு விழுமுன் நடந்த சுற்றை) பாருங்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று லிம்பர் இருக்கும்போது 5 பிளைண்ட் என்பது ரெய்ஸ் இல்லை, எல்லோரையும் உள்ளே கூப்பிடுவது. லைவில் 5 பிளைண்டோடு ஒரு லிம்பருக்கு ஒன்று சேர்த்து 8 போடுங்கள். கால் அதிகம் விழும் டேபிளில் 9, 10 கூடப் போகலாம்.

8 போட்டு இரண்டு லிம்பர் மட்டும் கால் செய்தால் பாட் 26.5. ஆறு பேர் இருந்த உங்கள் பாட் 30.5. பணம் கிட்டத்தட்ட அதேதான், எதிராளி ஐந்துக்குப் பதில் இரண்டு. எதிரே என்ன சீட்டு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்தால், இரண்டு பேருக்கு எதிராக ஜாக் ஜோடி கடைசி வரை போய் ஜெயிப்பது சுமார் 61%, ஐந்து பேருக்கு எதிராக சுமார் 34%. ஆறில் ஒரு பங்குக்கு இரண்டு மடங்கு என்பதால் 34 நல்ல எண்தான். ஆனால் மூன்று கையில் இரண்டு கை தோற்கும், அதில் சிலவற்றில் பெரிய தொகை போகும்.

டர்னில் 155.5 ஆகப்போகும் பாட்டுக்கு 40 கேட்கிறார், அதாவது நஷ்டமில்லாமல் கால் போட 25.7% தடவை ஜெயிப்பது தேவை. பட்டன் கையில் என்ன இருக்கும்? 9, 7, 4 செட்டுகள் (கையில் ஜோடி, பொதுச் சீட்டில் அதே எண் ஒன்று) ஒன்பது வகை. ஒரே பூவில் 9-7 மூன்று வகை. ஸ்பேட் கிங்கோடு ஏஸ், குயின், ஜாக், 10 என ஃப்ளஷ் டிராவாக (ஒரே பூவில் ஐந்து சேர இன்னும் ஒரு சீட்டு வேண்டும்) வந்து இப்போது ஜோடியும் சேர்ந்தவை நாலு. மொத்தம் பதினாறு. இவற்றில் செட்டுகளுக்கு எதிராக உங்களுக்கு இருப்பது மீதி இரண்டு ஜாக் மட்டும்தான், ஸ்பேட் கிங் கைகளுக்கு எதிராக கிளப் ஜாக் ஒன்றுதான். கிங் சேராத டிராக்களுக்கு எதிராக நீங்கள் முக்கால் பங்கு முன்னால் இருக்கிறீர்கள். கணக்குப் போட்டால், பதினாறுக்கு எதிராக 40 பெட் செய்யும் டிரா குறைந்தது ஏழு வகையாவது வேண்டும்.

டிரா வைத்துக்கொண்டு டர்னில் சும்மா செக் போட்டு ரிவரை (கடைசிப் பொதுச் சீட்டை) பார்க்கும் ஆளாக இருந்தால் அந்த ஏழு தேறாது. ஃபோல்ட். எல்லா டிராவையும் அடித்து ஆடுபவர் என்றால் கால். ஆனால் ரிவரில் மீதி 40-ஐயும் கேட்பார் என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டு போடுங்கள்.

கடைசிசீட்டு:
ப்ரீஃப்ளாப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. ஃப்ளாப் 15-தான் எனக்கு உறுத்துகிறது. அந்த போர்டில் (பொதுச் சீட்டுகளில்) 10-8, 8-6, 6-5 மூன்றுமே இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா (வரிசையாக ஐந்து சேர எந்தப் பக்கமும் ஒரு சீட்டு விழுந்தால் போதும்), மேலே ஃப்ளஷ் டிரா வேறு. 15 போட்டபோது பட்டனுக்குத் தேவை 24.8%. அவர் கால் செய்ததும் அடுத்த லிம்பருக்குத் தேவை 19.9% ஆகக் குறைந்தது. ஃப்ளஷ் டிரா அடுத்த சீட்டில் விழுவது 47-க்கு 9, அதாவது 19%. இரண்டாவது ஆளுக்கு ஏறக்குறைய சரியான விலையை நாமே கொடுத்துவிட்டோம். 22 போட்டிருந்தால் இந்த இரண்டும் 29.5%, 22.8% ஆகியிருக்கும். ஒருவர் மட்டும் கால் செய்தால் பாட் 74.5, கையில் 73. டர்னில் ஒன்றும் மாறாத சீட்டு விழுந்தால் ஆல் இன் (மீதி எல்லாவற்றையும் போடுவது), அவ்வளவுதான்.

இன்னொன்று. ஐந்து பேருக்கு எதிராகப் பாதிப் பாட் பெட் போடும்போது ஒவ்வொருவரும் 80% கையை ஃபோல்ட் செய்தாலும், ஐந்து பேரும் சேர்ந்து ஃபோல்ட் செய்வது மூன்றில் ஒரு தடவைதான். தடுக்கும் பொறுப்பு ஐந்து பேருக்கும் பிரிந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொருவரும் நல்ல கையோடு மட்டும் தொடர்ந்தால் போதும். ஆகவே இங்கே வரும் ஒரு கால், ஒற்றை எதிராளி செய்யும் காலைவிட ரொம்பக் கனமானது.

உங்கள் ஜாக்கில் ஒன்று ஸ்பேடாக இருந்திருந்தால் டர்னில் ஃபோல்ட் இன்னும் எளிது. எதிராளியிடம் இருக்கக்கூடிய ஃப்ளஷ் டிராக்களில் சில குறையும், செட்டுகள் அப்படியே நிற்கும்.

மூன்றாம்பிளைண்ட்:
8, 9 ஜோடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃப்ளாப்பில் நம் ஜோடியைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு ஜாக்குக்கு 57%, 10-க்கு சுமார் 70%, 9-க்கு 79%, 8-க்கு 87%. அதனால் ஜாக்கையும் 10-ஐயும் விலையேற்றி ஆடுங்கள். 8 அல்லது 9 ஜோடி வைத்துக்கொண்டு மூன்று லிம்பருக்குப் பின்னால் ஆட வந்தால் கூடவே லிம்ப் செய்து செட் பார்ப்பதில் தப்பே இல்லை. ஃப்ளாப்பில் செட் விழுவது சுமார் 11.8%, எட்டரைத் தடவைக்கு ஒன்று. விழுந்தாலும் எப்போதும் பணம் வராது என்பதால் முன்னால் வந்த ரெய்ஸைப்போல 15 மடங்காவது இரு பக்கமும் ஸ்டாக் (கையிலுள்ள தொகை) வேண்டும். 100 பிளைண்டோடு 5-க்கு கால் போடலாம், 60 பிளைண்டோடு 12-க்கு வேண்டாம்.

செட் விழுந்தால் பதுங்காதீர்கள். இரண்டு ஸ்பேட் போர்டில் ஐந்து பேருக்கு இலவசச் சீட்டு கொடுப்பதுதான் இந்தக் கையில் அதிகப் பணம் இழக்கும் வழி.

எட்டாம் சீட்:
22 கணக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. ஃப்ளாப் குயின்-7-2, மூன்றும் வேறு பூ, பிக் பிளைண்ட் முதலில் 10 போடுகிறார் என்றால்?

கடைசிசீட்டு:
நடுவில் யாராவது கால் செய்திருந்தால் உடனே ஃபோல்ட். எல்லோரும் ஃபோல்ட் செய்து உங்களிடம் வந்து, பின்னால் பட்டன் மட்டும் மிச்சம் என்றால் ஒரு கால் போடலாம், 50.5-க்கு 10 என்பது 20%-க்கும் குறைவான விலை. டர்னில் மறுபடி அடித்தால் விட்டுவிடுங்கள். ஆறு பேர் பார்க்கும் பாட்டில் குயின் இல்லாமல் இரண்டு தெரு (பெட் போடும் சுற்று) அடிப்பவர் குறைவு.