கல்லைப் போட்டுக் கிணற்று ஆழம் பார்த்தால் 10 அடி கூடுதலாக வருகிறது, எங்கே தப்பு?

கேட்டவர் (கொழிஞ்சாம்பாறை, பிளஸ் ஒன்)

எல்லாருக்கும் வணக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தேன். இப்போது பிசிக்ஸ் முழுக்க இங்கிலீஷில் போவதால், வீட்டில் எதையாவது செய்து பார்த்தால்தான் பாடம் மனதில் நிற்கிறது. தானாக விழும் பொருள்கள் பற்றிய பாடம் நடக்கிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கைப்பிடி அளவுக் கல்லைப் போட்டு, தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும் வரை போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தேன். ஐந்து தடவை: 1.88, 1.97, 1.90, 1.95, 1.93 விநாடி. சராசரி 1.926.

ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8. அதில் பாதியான 4.9 பெருக்கல் நேரத்தின் வர்க்கம் என்று போட்டால் 18.2 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி. சத்தம் மேலே ஏறி வர ஆகும் 0.05 விநாடியைக் கழித்தும் பார்த்தேன். 17.2 மீட்டர், 56 அடி. ஆனால் அப்பாரு கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். டேப் வைத்து நானே அளந்தேன். 46 அடிதான். 14 மீட்டர்.

பத்து அடி வித்தியாசம் எப்படி வரும்? சூத்திரமே இதற்குப் பொருந்தாது என்கிறாள் தோழி. கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். யாராவது சொல்லுங்கள்.

மோட்டார் மெக்கானிக் (வேலந்தாவளம்)

தங்கச்சி, நான் கிணற்று மோட்டார் வேலை பார்க்கிறவன். சின்னக் கல் போட்டிருப்பாய். பெரிய கல்லாகப் போட்டுப் பார், சீக்கிரம் விழும், நேரம் குறையும், கணக்கும் சரியாக வரும்.

ஓய்வு பெற்ற பிசிக்ஸ் டீச்சர் (சித்தூர், பாலக்காடு)

மெக்கானிக் தம்பி சொன்னதில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். பெரிய கல்லைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, உண்மை. ஆனால் நிறை கூடக் கூட அதை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினமாகிறது. இரண்டும் ஈடாகிவிடுவதால் முடுக்கம் மாறாது. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் சேர்த்து விட்டார், காற்றில்லாத இடமாகையால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. நம் கிணற்றில் காற்று இருக்கிறது. ஆனாலும் கைப்பிடிக் கல்லுக்கு 14 மீட்டரில் காற்று செய்யும் வித்தியாசம் அரை அடி அளவுதான். பத்து அடிக்கு அது காரணமாகாது.

கண்ணு, உன் சூத்திரமும் சரி, கணக்கும் சரி. ஒன்று மட்டும் சொல். கல்லை விட்டது யார்? ஸ்டாப்வாட்சை அமுக்கியது யார்?

கேட்டவர்

இரண்டும் நானேதான் டீச்சர். வலது கையில் கல், இடது கையில் போன். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, கல்லை விடும்போதே அமுக்கினேன். சத்தம் கேட்டதும் நிறுத்தினேன்.

ஓய்வு பெற்ற பிசிக்ஸ் டீச்சர்

அங்கேதான் இருக்கிறது. கல்லை எப்போது விடப்போகிறாய் என்பது உனக்கே தெரியும். அதனால் தொடக்கத்தில் தாமதம் இல்லை. சத்தம் எப்போது வரும் என்பது தெரியாது. காது கேட்டு, மூளைக்குப் போய், விரல் அசைவதற்குள் கிட்டத்தட்ட 0.2 விநாடி போய்விடுகிறது. அந்தத் தாமதம் முழுவதும் முடிவில் மட்டும் ஏறுகிறது. ஐந்து தடவையும் ஒரே பக்கம் ஏறுவதால், சராசரி எடுத்தாலும் போகாது. ஐம்பது தடவை செய்தாலும் போகாது.

0.2 விநாடி சின்னதுதானே என்று நினைக்காதே. தண்ணீரைத் தொடும்போது கல்லின் வேகம் விநாடிக்கு 16.6 மீட்டர், மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 0.1 விநாடி தப்பினால் ஐந்தரை அடி தப்பும். 0.2 தப்பினால் 11 அடி. உனக்கு வந்த பத்து அடியோடு வைத்துப் பார்.

உன் தாமதத்தை நீயே அளந்துவிடலாம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை யாராவது நிற்க வைத்துப் பிடிக்கட்டும். பூஜ்யக் கோடு உன் விரல்களுக்கு நடுவில் இருக்கட்டும், தொடக் கூடாது. சொல்லாமல் விடச் சொல், பிடி. எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தாய் என்று பார்த்து, அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடு.

கேட்டவர்

தம்பி விட்டான், பத்துத் தடவை பிடித்தேன். சராசரி 18 சென்டிமீட்டர். 0.19 விநாடி வருகிறது! 1.926இல் அதையும், சத்தத்துக்கு 0.04உம் கழித்தால் 14.1 மீட்டர். 46 அடி!! (முதலில் 18 மீட்டர் என்று நினைத்துச் சத்தத்துக்கு 0.05 கழித்திருந்தேன்.)

ஓய்வு பெற்ற பிசிக்ஸ் டீச்சர்

ரொம்ப சந்தோஷம் கண்ணு. ஆனால் இவ்வளவு கச்சிதமாக வந்ததை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்கேலைக் கண்ணால் பார்த்துப் பிடித்தாய், கிணற்றில் காதால் கேட்டு அமுக்கினாய். பொதுவாகக் காது கண்ணைவிடக் கொஞ்சம் வேகம். விரலை நம்பாமல் அளக்க ஒரு வழி வேண்டும்.

பொறியியல் மாணவர் (பொள்ளாச்சி)

இருக்கு டீச்சர். ஜெர்மனியில் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பில் ஒலி ஸ்டாப்வாட்ச் உண்டு. முதல் சத்தத்தில் தானே ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். மரச் சட்டம் ஒன்றின் நுனி கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுவர் மேல் வையுங்க. நுனியில் கல். சட்டத்தைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால், சட்டம் விலகிப் போகும், கல் நிலைமத்தால் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று நேராக விழும். தட்டிய சத்தம்தான் தொடக்கம். சட்டத்தில் கயிறு கட்டிக்கோங்க, கிணற்றுக்குள் போயிடாமல் இருக்கும். பெரியவங்க யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்

அண்ணா, ஒவ்வொரு தடவையும் 0.08 விநாடியிலேயே நின்றுவிடுகிறது. கல் பாதிகூடப் போயிருக்காது. போன் பழசு, அதனாலா?

பொறியியல் மாணவர்

போன் நல்லாத்தான் இருக்கு. தட்டிய சத்தம் தண்ணீரில் பட்டு எதிரொலித்து வருது. போக 14, வர 14, மொத்தம் 28 மீட்டர். சத்தத்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். வகுத்துப் பாருங்க, அதே 0.08. கல்லே போடாமல் ஆழம் கிடைச்சிருச்சு! ஆப்பில் குறைந்தபட்சத் தாமதம் என்று ஒரு இடம் இருக்கும், அதை 1 விநாடியாக மாத்துங்க, எதிரொலியைக் கண்டுக்காது.

கேட்டவர்

மாற்றினேன். காலையில் ஆறு தடவை, எல்லாமே 1.73க்கும் 1.75க்கும் நடுவில். சராசரி 1.74. சத்தத்துக்கு 0.04 கழித்து, நம் பக்கத்துக்கு ஜி 9.78 என்று டீச்சர் தனியாகச் சொன்னதால் அதையே போட்டேன். 14.13 மீட்டர், 46.4 அடி. மிச்சம் இருக்கும் அரை அடி காற்றுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் தோழியை அழைத்து வந்து காட்டினால் 1.78, 1.78, 1.77 என்று வருகிறது. அவள் "பார்த்தாயா" என்றாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணக்கு 48.6 அடி. அப்பாரு வந்து கேட்டுவிட்டு, "மத்தியானம் தென்னைக்கு மோட்டார் போட்டேன் சாமி" என்றார். கயிற்றை மறுபடி இறக்கிப் பார்த்தோம். பழைய முடிச்சு தண்ணீருக்கு இரண்டு அடி மேலே நின்றது.