டன்ஹில் ஷெல்: ஓட்டையை மறைக்கிற வேலையா?

பிரையர் பித்தன்:
டன்ஹில் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஷெல், அதாவது மேலே மணலடித்துச் சொரசொரப்பாக்கிய புகைபிடிக்கும் பைப் பற்றி, வேறொரு இழையில் 'வழவழப்பு' எழுதியிருக்கிறார்: "ஷெல் என்பது ஓட்டை விழுந்த கட்டையை விற்க டன்ஹில் செய்த தந்திரம். வழவழ பில்லியர்டுதான் கிளாசிக்." (பில்லியர்டு என்பது நேரான தண்டுள்ள பைப் வடிவம்.) படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓட்டையை மறைக்க மக்கு வைத்து அடைத்தால் போதாதா? மலிவு பைப்புகளில் அதுதானே நடக்கிறது! ஆல்ஃபிரட் டன்ஹில் 1917-இல் காப்புரிமை கேட்டது மணல் வீச்சு முறைக்கு. மணலை வேகமாக அடித்தால் பைப் செய்கிற பிரையர் வேர்க்கட்டையின் மெத்தென்ற பகுதி தேய்ந்துபோகும், கெட்டியான வளையங்கள் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். மரத்துக்குள் இருந்த ரேகை வெளியே வருகிறது. இது மறைப்பதா, காட்டுவதா?

வழவழப்பு:
நல்ல ரேகை இருந்தால் மெருகு போட்டே காட்டலாமே. நேர்ரேகை ஓடும் கட்டையை யாராவது மணலடிக்கக் கொடுப்பார்களா? மாட்டார்கள். ஏன்? ஓட்டை.

பிரையர் பித்தன்:
வழவழப்பான புரூயேர் வகை பைப் 1910-இலேயே டன்ஹிலிடம் இருந்தது, ஐயா. ஷெல்லுக்கு அல்ஜீரிய மரத்தை எடுத்தார்கள். அது கொஞ்சம் மெது, மணல் ஆழமாக இறங்கும். பழைய ஷெல் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். பள்ளத்தில் கறுப்பு, வரப்பு நுனியில் சிவப்பு. கட்டைவிரலால் தடவினால் ஒவ்வொரு வளையமும் தட்டுப்படும். கழித்துப் போட்ட கட்டையில் இந்த அழகு வருமா?

வழவழப்பு:
கவிதை நன்றாக இருக்கிறது. ஓட்டைக்குப் பதில் வரவில்லை.

சுங்கான் தாத்தா:
இரண்டு பேரும் வடிவத்தை விட்டுவிட்டீர்கள். பில்லியர்டில் கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அந்தக் கணக்கு பிசகினால் மணலடித்தும் பயனில்லை, மெழுகு தேய்த்தும் பயனில்லை.

புகைமூட்டம்:
பைப் என்றாலே உலகத்துக்கு ஞாபகம் வருவது ஷெர்லாக் ஹோம்ஸின் வளைந்த காலபாஷ் பைப். பில்லியர்டை யாருக்குத் தெரியும்?

பிரையர் பித்தன்:
வந்துவிட்டார்! கதைகளில் ஹோம்ஸ் பிடிப்பது களிமண், பிரையர், செர்ரி மரம். காலபாஷ் எங்கே இருக்கிறது? வளைந்த பைப்பை ஹோம்ஸ் வாயில் வைத்தவர் மேடை நடிகர் வில்லியம் கில்லெட். சுரைக்குடுவையில் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் செய்த கிண்ணம் செருகிய காலபாஷ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மீர்ஷாம் இழையிலும் நீங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பினீர்கள்.

புகைமூட்டம்:
அந்த இழையில் துருக்கியின் எஸ்கிஷெகிரில்தான் நல்ல மீர்ஷாம் கிடைக்கும் என்று சொன்னவன் நான். நீங்கள் அதை மறுத்துவிட்டு, அப்புறம் நீங்களே சொன்ன மாதிரி எழுதினீர்கள். எல்லாருக்கும் தெரியும்.

பிரையர் பித்தன்:
நான் மறுக்கவே இல்லை. பழைய பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

வழவழப்பு:
சண்டை முடிந்ததா? ஷெல்லை விலைக்கு விற்பது ஊதுவாயில் இருக்கிற டன்ஹிலின் அந்த வெள்ளைப் புள்ளி. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஓட்டைக் கட்டை.

பிரையர் பித்தன்:
புள்ளி வைத்ததே ஊதுவாயின் மேல்பக்கம் எது என்று தெரிவதற்குத்தான். அப்புறம்தான் அது அடையாளமானது. 1952-இல் டன்ஹிலின் டான்ஷெல் வகை வந்தது, அதுவும் மணலடித்ததுதான். மற்ற கம்பெனிகளும் மணலடிக்க ஆரம்பித்தன. எல்லாரிடமும் ஓட்டைக் கட்டைதான் இருந்ததா?

வழவழப்பு:
ஆமாம். அதனால்தான் எல்லாரும் மணலடித்தார்கள்.

சுங்கான் தாத்தா:
தம்பி, எபோனைட் என்ற கெட்டி ரப்பர் ஊதுவாய் வெயில் பட்டுப் பச்சையாகிக் கிடக்கிற பைப்பையெல்லாம் இங்கே கிளாசிக் என்று படம் போடுகிறார்கள். முதலில் அதைத் துடைக்கச் சொல்லுங்கள்.

பிரையர் பித்தன்:
என் ஊதுவாய் பளபளவென்று இருக்கிறது, தாத்தா. இன்று ராத்திரி என் ஷெல்லை நாலு பக்கமும் படம் எடுத்துப் போடுகிறேன். மணல் வீச்சு எதைக் காட்டுகிறது என்று அப்போது பேசுவோம்.

வழவழப்பு:
போடுங்கள். ஓட்டை இருக்கிற இடத்தை வட்டம் போட்டுத் தருகிறேன்.