மறுமொழி: சாம்பல் சத்தும் "ஆடம்பர நுகர்வு"ம்

> நேர் மொழிபெயர்ப்பாக "ஆடம்பர நுகர்வு" என்றே வைத்துக்கொள்ளலாமே. எதற்குப் புதுச்சொல்?

அண்ணாச்சி, செடியின் சத்தைப் பற்றிப் பேசும்போது வரும் luxury consumption என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தானே தமிழ் தேடுகிறோம்? "ஆடம்பர நுகர்வு" என்று கேட்டால் எனக்கு ஜவுளிக்கடையில் நிற்கிற ஆள்தான் நினைவுக்கு வருகிறார், வாழை வரவில்லை.

சொல்ல வேண்டிய பொருள் இதுதான். மண்ணில் பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, தாராளமாக இருந்தால், தேவை தீர்ந்த பிறகும் செடி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விளைச்சல் மட்டும் அதற்குமேல் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை கொழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் சத்து அப்படியல்ல. அது செடியின் எந்த உறுப்பாகவும் மாறுவதில்லை. செல்சாற்றில் அயனியாகவே இருந்து, இலைத்துளைகளைத் திறந்து மூடவும் சர்க்கரையைக் காய்க்கு அனுப்பவும் உதவுகிறது. அதனால் மிஞ்சியது நேராகக் கண்ணில் படாது.

களக்காட்டில் எங்கள் புறவாசல் தக்காளிக்கு அடுப்புச் சாம்பல் போதாதென்று கடைப் பொட்டாஷ் உரத்தையும் அள்ளிப் போட்டேன். காய் கூடவில்லை. கீழிலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் ஆயின. மிஞ்சிய பொட்டாசியம் மக்னீசியத்தை வேருக்குள் வரவிடாமல் நெருக்கியிருக்கிறது.

அம்பாசமுத்திரம் அக்கா சொன்ன "வீணுறிஞ்சல்" எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பொருந்தவில்லை. தட்டுப்பாடு வந்தால் மூத்த இலையில் இருக்கும் பொட்டாசியம் இளம் இலைக்குப் போய்விடும். பற்றாக்குறையில் கீழிலையின் ஓரம் முதலில் கருகுவது அதனால்தான். ஏத்தன் வாழையின் குலையை வெட்டிய பிறகு தண்டை வயலிலேயே நறுக்கிப் போட்டால் சத்து மண்ணுக்கும் திரும்புகிறது. சேர்த்து வைத்த பண்டத்தை வீண் என்று எங்கள் ஆச்சி சொல்லமாட்டாள்.

என் சொல்: மிகையுறிஞ்சல். "உறிஞ்சல்" வேருக்குப் பழகிய சொல். "மிகை" அளவை மட்டும் சொல்கிறது, கேடு உண்டா இல்லையா என்ற பேச்சுக்கே போவதில்லை. கேட்டுக்கு "நச்சளவு" தனியாக இருக்கிறது. வினையாக்கினாலும் இடறாது: "வாழை சாம்பல் சத்தை மிகையாக உறிஞ்சும்." "வாழை ஆடம்பரமாக நுகரும்" என்று சேரன்மகாதேவி வாய்க்கால் கரையில் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அண்ணாச்சி.

"சாம்பல் சத்து" என்ற பெயரில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம். சாம்பல் கரைசலைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்குத்தான் முதலில் பொட்டாஷ் என்று பெயர். 1807இல் ஹம்ப்ரி டேவி தனிமத்தைப் பிரித்தபோது அதை ஒட்டியே பொட்டாசியம் என்று பெயரிட்டார்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. மிகையுறிஞ்சல் என்றால் தண்ணீரையும் நினைக்கலாம். கட்டுரையில் முதன்முறை வருமிடத்தில் "சத்து மிகையுறிஞ்சல்" என்று எழுதலாமா? அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?