பிளாக் லிஸ்ட்டில் பெயரைப் போட்டும் போலித் தளம் திறக்கிறது, அவசரம்

வண்ணை_நெட்கடை:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் சின்ன இணையக் கடை, ஆறு சிஸ்டம். மின் கட்டணம் பாக்கி, இன்று இரவு கரண்ட் கட் என்று மெசேஜ் வந்ததாக ஒரு பெரியவர் பதறிக்கொண்டு வந்தார். அதில் இருந்த லிங்க், பணம் கட்டும் தளத்தின் போலி. நல்ல வேளை, ஓடிபி போடுவதற்குள் பார்த்துவிட்டேன். இனி கடையில் யாருக்கும் அது திறக்கக் கூடாது என்று பெயரை பிளாக் லிஸ்ட்டில் போட்டேன். இன்னும் திறக்கிறது. மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டாயிற்று. என்ன செய்வது? காலையில் கூட்டம் வந்துவிடும், சீக்கிரம் சொல்லுங்கள்.

காசிமேடு_கேபிள்:
அண்ணே, அவர் கணக்கிலிருந்து ஏதாவது போயிருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் அடிக்கச் சொல்லுங்கள். அது முக்கியம். அப்புறம், பிளாக் லிஸ்ட் எங்கே இருக்கிறது? ரவுட்டரிலா, ஒவ்வொரு சிஸ்டத்திலுமா, தனியாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

மூலக்கொத்தளம்_முனை:
கேஷ். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், கேஷ்தான். பழையதைச் சேமித்து வைத்திருக்கும் இடம் அது. பிரவுசர் கேஷ், சிஸ்டத்தின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) கேஷ் இரண்டையும் அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய_சர்வர்:
பத்து வருடமாக இதே கதை. "திறக்கிறது, என்ன செய்வது" என்பது கேள்வி இல்லை ஐயா, புலம்பல். என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, பெயரை எங்கிருந்து எடுத்தீர்கள், எப்படிப் போட்டீர்கள், லாக்கில், அதாவது மென்பொருள் குறித்து வைக்கும் பதிவில், என்ன தெரிகிறது? டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா?

வண்ணை_நெட்கடை:
பை-ஹோல் சார், டிஎன்எஸ்ஸிலேயே பெயரை மறிக்கிற மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடுகிறது. அண்ணன் மகன் போட்டுக் கொடுத்தது, அவன் இப்போது ஓசூரில் நைட் ஷிஃப்ட், போன் எடுக்க மாட்டான். கேஷ் அழித்துவிட்டேன். ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். திறக்கிறது.

எண்ணூர்_காற்று:
ரவுட்டரில் டிஎன்எஸ் இரண்டு இடம் இருக்கும். முதல் இடத்தில் பை-ஹோல், இரண்டாவது இடத்தில் கூகுளின் 8.8.8.8 என்று போட்டிருந்தால் கதை முடிந்தது. முதலாவது செத்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது, சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும். இரண்டாவது இடத்தைப் பாருங்கள். ஐபிவி6 என்ற புது முகவரி முறை இருந்தால் அந்தப் பக்கமாகவும் இணைப்பு தருபவரின் டிஎன்எஸ் நுழைந்திருக்கலாம்.

வண்ணை_நெட்கடை:
இரண்டாவது இடம் காலி. ஐபிவி6 அணைத்துத்தான் இருக்கிறது. இன்னொரு தொல்லை, மதியத்திலிருந்து அந்தப் பணம் கட்டும் தளத்தின் உண்மையான பக்கமும் எங்கள் கடையில் திறக்கவில்லை. அவர்கள் சர்வர் படுத்திருக்கும் போல. அது வேறு விஷயம், விடுங்கள்.

எழுத்துப்_பித்தன்:
அதை எப்படி விடுவது! அதுதானே விஷயமே!

போலிப் பெயரை மெசேஜைப் பார்த்துக் கையால் தட்டினீர்களா, இல்லை காப்பி செய்து ஒட்டினீர்களா?

வண்ணை_நெட்கடை:
பெரியவர் போனைப் பார்த்து நான்தான் தட்டினேன். எழுத்துப் பிழை இல்லை, இரண்டு தடவை சரிபார்த்தேன். உண்மையான பெயரேதான் அதிலும் இருக்கிறது, டாட் காம் உட்பட. அதனால்தானே பெரியவர் ஏமாந்தார்.

எழுத்துப்_பித்தன்:
அண்ணே, நீங்கள் பூட்டியது உண்மையான தளத்தை. அவர்கள் சர்வர் படுக்கவில்லை, உங்கள் பை-ஹோல்தான் மதியத்திலிருந்து அதை மறித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பெரியவரின் போனில் பார்த்த பெயரில் ஏதோ ஒரு எழுத்து நீங்கள் நினைக்கும் எழுத்து இல்லை. ரஷ்ய மொழி எழுதும் சிரிலிக்கில் ஒரு 'அ' உண்டு, ஆங்கில ஏ-யின் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக்கு அடியில் குட்டியாக ஒரு புள்ளி இருக்கலாம். வியட்நாம் மொழியில் நிஜமாகவே புழங்கும் எழுத்து அது. மெசேஜில் லிங்க்குக்கு அடியில் கோடு வரும் இல்லையா, அந்தப் புள்ளி கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணாடி போட்டாலும் தெரியாது. நீங்கள் கீபோர்டில் தட்டியது சாதாரண ஏ. கண்ணுக்கு ஒன்றுதான், டிஎன்எஸ்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

இன்னொன்று. இந்த மாதிரி எழுத்துகள் டிஎன்எஸ்ஸுக்குள் அப்படியே போவதில்லை. 2003-ல் வந்த பியூனிகோடு என்ற முறைப்படி, எக்ஸ்என் என்று ஆரம்பித்து இரண்டு கோடு போட்டு, பின்னால் ஒரு எழுத்துக் கோவையாக மாறித்தான் போகும். பூட்ட வேண்டியது அந்தக் கோவையை. அட்ரஸ் பாரில் ஏதாவது அப்படித் தெரிந்ததா?

வண்ணை_நெட்கடை:
அட ஆமாம். குரோமில் மேலே எக்ஸ்என், கோடு, அப்புறம் ஏதோ உளறலாக வந்தது. வைரஸ் என்று நினைத்து சொல்லவில்லை.

பழைய_சர்வர்:
சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னீர்கள். 2017-லேயே ஒரு ஆராய்ச்சியாளர் ஆப்பிளின் பெயரை முழுக்க முழுக்க சிரிலிக் எழுத்தில் பதிவு செய்து காட்டினார், குரோம் 58-ல் அதைச் சரிசெய்தார்கள். படித்திருந்தால் பத்து நிமிடத்து வேலை. பை-ஹோலின் க்வெரி லாக்கை, அதாவது சிஸ்டங்கள் கேட்ட பெயர்களின் பதிவைத் திறங்கள், எக்ஸ்என்னில் தொடங்கும் பெயர் அதில் இருக்கும், அப்படியே எடுத்து லிஸ்ட்டில் போடுங்கள். உபபெயர்களுக்கும் சேர்த்துப் பூட்டும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டு வந்தால் தப்பித்துவிடும்.

எண்ணூர்_காற்று:
ஒவ்வொன்றாக எதற்குத் துரத்த வேண்டும்? எக்ஸ்என் என்று வருகிற எதையும் திறக்காதே என்று ஒரே ரெஜெக்ஸ், அதாவது பெயரின் வடிவத்தைப் பார்த்துப் பிடிக்கும் விதி. வேலை முடிந்தது. எங்கள் கம்பெனியில் இரண்டு வருடமாக அப்படித்தான், ஒரு புகாரும் இல்லை.

எழுத்துப்_பித்தன்:
ஒரு புகாரும் இல்லை என்றால் உங்கள் கம்பெனியில் யாரும் தமிழில் முகவரி தட்டவில்லை என்று அர்த்தம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றுமே எக்ஸ்என்தான். திருடன் சட்டை போட்டிருந்தான் என்று சட்டை போட்டவர்களை எல்லாம் பிடித்து உள்ளே வைப்பீர்களா?

எண்ணூர்_காற்று:
சரி, நீங்கள் கடைசியாக எப்போது தமிழில் முகவரி தட்டினீர்கள்? சத்தியமாகச் சொல்லுங்கள்.

எழுத்துப்_பித்தன்:
போன மாதம். சோதித்துப் பார்க்க.

எண்ணூர்_காற்று:
அதைத்தான் கேட்டேன் 😀

காசிமேடு_கேபிள்:
அந்த ரெஜெக்ஸையே போடுவதாக இருந்தாலும் பெயரின் தொடக்கத்தில் மட்டும் தேடினால் போதாது. 'தொடக்கத்தில், அல்லது ஒரு புள்ளிக்கு அடுத்து' என்று இரண்டையும் பிடிக்கிற மாதிரி எழுத வேண்டும். டாட் காம் மாதிரி முடிவுகளில் பெயர் விற்கும் பதிவகம், தான் விற்கிற துண்டுக்கு மட்டும்தான் விதி போட முடியும். அதற்கு முன்னால் வருகிற உபபெயரில் வாங்கியவர் எந்த எழுத்தையும் கலக்கலாம், கேட்க ஆள் இல்லை. நடுவில் வரும் எக்ஸ்என்னைத்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

மூலக்கொத்தளம்_முனை:
தமிழில் இந்தத் தொல்லை வராது. நம் எழுத்துக்கு ஜோடி கிடையாது.

எழுத்துப்_பித்தன்:
ஜோடி கிடையாதா? 'ஔவை' என்று எழுதுங்கள். இப்போது ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டி 'ஒளவை' என்று எழுதுங்கள். திரையில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும்? முதலாவது ஒரே எழுத்து, இரண்டாவது இரண்டு. டிஎன்எஸ்ஸுக்கு வேறு வேறு வீடு. தமிழ் எண்களையும் பாருங்கள். ௧ என்பது ஒன்று, பக்கத்தில் க. ௨ என்பது இரண்டு, பக்கத்தில் உ. பல எழுத்துருக்களில் பிரிக்கவே முடியாது.

மூலக்கொத்தளம்_முனை:
ஔவையை ஒள போட்டு எழுதுகிறவன் தமிழனே இல்லை.

காசிமேடு_கேபிள்:
அப்படிப் பார்த்தால் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வரை பாதி பேனர் எழுதியவர்கள் தமிழர்கள் இல்லை.

மூலக்கொத்தளம்_முனை:
தமிழ்99 கீபோர்டில் ஔவுக்குத் தனிச் சாவியே இருக்கிறது. ஒலிபெயர்ப்பில் தட்டிப் பழகியதால் வந்த வினை.

எண்ணூர்_காற்று:
ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர் எங்கே?

பழைய_சர்வர்:
கீபோர்டு சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பிளாக் லிஸ்ட் இறக்குகிறவர்களுக்கு ஒரு சொல், ஏனென்றால் இதில் எல்லோரும் விழுகிறீர்கள். ஒரு லிஸ்ட்டில் பெயர் யூனிகோடாக, அதாவது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகவே இருக்கும், இன்னொன்றில் எக்ஸ்என்னாக இருக்கும். சேர்க்கும் முன் எல்லாவற்றையும் எக்ஸ்என்னுக்கு மாற்றுங்கள். எதை வைத்து மாற்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்த மாற்றத்துக்கு 2003 விதி வேறு, 2010-ல் வந்த விதி வேறு. ஜெர்மன் மொழியின் இரட்டை எஸ் எழுத்தைப் பழைய விதி சாதாரண இரண்டு எஸ் ஆக்கிவிடும், புதிய விதி தனி எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஒரே பெயர், இரண்டு கருவி, இரண்டு விடை. பைத்தான் நிரல்மொழிக்குள்ளேயே வருகிற மாற்றி இன்னும் 2003-ல்தான் நிற்கிறது.

எழுத்துப்_பித்தன்:
இதில் பழைய சர்வரோடு ஒத்துப்போகிறேன், தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்று சேர்க்கிறேன். யூனிகோடு கூட்டமைப்பே குழப்பும் எழுத்துகளுக்கு ஒரு அட்டவணை வெளியிடுகிறது. நீங்கள் காக்க வேண்டிய இருபது முப்பது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, லாக்கில் வரும் ஒவ்வொரு எக்ஸ்என்னையும் யூனிகோடுக்குத் திருப்பி, அந்த அட்டவணைப்படி ஒப்பிடலாம். உருவம் ஒன்றாகி, பெயர் வேறாக இருந்தால் பூட்டுங்கள். தமிழ் முகவரிகள் பிழைத்துக்கொள்ளும். அடிப்புள்ளி மாதிரி ஒட்டுகளை மட்டும் தனியாகக் கழற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

எண்ணூர்_காற்று:
ஆறு சிஸ்டம் வைத்த கடைக்கு இதெல்லாமா? ஜெராக்ஸ் எடுக்கிற மனிதர் அவர்.

வண்ணை_நெட்கடை:
லாக்கில் இருந்தது. எடுத்துப் போட்டேன். அடியில் புள்ளிதான் சார், திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. உண்மையான தளமும் இப்போது திறக்கிறது. ஐந்து சிஸ்டத்தில் போலி திறக்கவில்லை. ஆறாவதில் மட்டும் இன்னும் வருகிறது.

மூலக்கொத்தளம்_முனை:
கேஷ்.

காசிமேடு_கேபிள்:
ஆறாவதில் என்ன பிரவுசர்?

வண்ணை_நெட்கடை:
ஃபயர்ஃபாக்ஸ். காலேஜ் பையன்கள் போட்டது.

காசிமேடு_கேபிள்:
அதன் செட்டிங்கில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் என்று ஒன்று இருக்கும், பாருங்கள். யாரோ கையால் அதை உயர்ந்த பாதுகாப்புக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அந்த சிஸ்டம் உங்கள் பை-ஹோலிடம் கேட்பதே இல்லை, வெளியே தனி வழியில் கேட்டுக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தானாக அதைப் போட்டிருந்தால் அது முன்கூட்டியே கேட்டுப் பார்க்கும் ஒரு சைகைப் பெயரை மறித்தே பை-ஹோல் நிறுத்திவிடும். கையால் போட்டதை அப்படி நிறுத்த முடியாது. நீங்கள்தான் போய் அணைக்க வேண்டும்.

வண்ணை_நெட்கடை:
அதுதான். அணைத்தேன். ஆறிலும் நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி, ஷட்டர் இறக்கப் போகிறேன்.

பழைய_சர்வர்:
அடுத்த தடவை கேட்கும்போது முதல் வரியிலேயே லாக்.

மூலக்கொத்தளம்_முனை:
ஔவை விஷயம் இன்னும் முடியவில்லை.

காசிமேடு_கேபிள்:
அண்ணே, ஒரு நிமிடம். பெரியவர் போனில் அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறதா? அவர் வீட்டுக்குப் போனால் மொபைல் டேட்டா, உங்கள் பை-ஹோல் அங்கே இல்லை. நாளைக்கு வந்தால் முதல் வேலையாக அதை அழித்து, அனுப்பிய நம்பரைத் தடை செய்துவிடுங்கள்.

காசிமேடு_கேபிள்:
அண்ணே?